கையொப்பமிட்ட பிடிஎஃபில் ஒரு தொகையை மட்டும் திருத்த வழி உண்டா? மஞ்சள் கேள்விக்குறி ஏன் வருகிறது?

தறிநூல் கேட்டது:

சரக்கு வழங்கல் ஒப்பந்தம் ஒன்று, 14 பக்கம், பிடிஎஃப். இரண்டு தரப்பு. முதல் தரப்பு யுஎஸ்பி டோக்கனில் இருக்கும் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) கொண்டு அடோபி ரீடரில் கையொப்பம் போட்டு முடித்துவிட்டார். இரண்டாம் தரப்புக்குப் போன பிறகுதான், 3ஆம் பக்கத்தில் 4,50,000 என்று இருக்க வேண்டிய முன்பணம் 4,05,000 என்று இருப்பது கண்ணில் பட்டது.

கேள்விகள்:

எடிட் பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. 'பிரிண்ட் டு பிடிஎஃப்' கொடுத்துப் புதிய கோப்பாக எடுத்தால் திருத்த முடிகிறது, பக்கத்தில் கையொப்பமும் அப்படியே தெரிகிறது. இப்படிச் செய்யலாமா?

இரண்டாம் தரப்பின் கணினியில் கையொப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியும் 'வேலிடிட்டி அன்னோன்' என்ற எழுத்தும் வருகிறது. முதல் தரப்பின் கணினியில் பச்சை டிக் வருகிறது. கோப்பு ஒன்றுதான். எது சரி?

இரண்டாம் தரப்பிடம் டிஎஸ்சி இல்லை. காகிதத்தில் போட்ட கையெழுத்தைப் படம் எடுத்து ஒட்டினால் போதுமா?

மூலக் கோப்பு வேர்டில் இருந்தது. இப்போது கையில் இருப்பது பிடிஎஃப் மட்டும். ஒப்பந்தத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம்.

---

முத்திரை பதில்:

பிரிண்ட் வழியை முதலில் கைவிடுங்கள். அப்படி எடுத்த கோப்பில் இருப்பது கையொப்பத்தின் படம் மட்டுமே. பெயரும் தேதியும் பக்கத்தில் அச்சு அசலாகத் தெரியும். ஆனால் கோப்பைத் திறந்ததும் மேலே வரும் நீலப் பட்டை வராது. சிக்னேச்சர் பலகம் காலியாக இருக்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு தொகையை மாற்றினால், முதல் தரப்பு பார்க்காத தொகைக்கு அவர் கையொப்பமிட்டதாகக் காட்டியதாகிவிடும். நோக்கம் பிழைதிருத்தம்தான் என்றாலும், நாளைக்குத் தகராறு வந்தால் அதை மோசடி இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும்.

எடிட் ஏன் மங்கலாகிறது என்பது, கையொப்பம் கோப்பில் எப்படி உட்கார்கிறது என்று பார்த்தால் விளங்கிவிடும். ரீடர் முதலில் கோப்புக்குள் ஒரு வெற்றிடத்தை ஒதுக்குகிறது. அந்த இடம் நீங்கலாக மீதியுள்ள பைட்டுகள் அத்தனையையும் ஷா-256 என்ற கணக்கில் போட்டு 32 பைட் நீளமுள்ள ஒரு சாரத்தை எடுக்கிறது. அந்தச் சாரத்தை அடிப்படையாக வைத்து டோக்கனுக்குள் இருக்கும் தனிச்சாவி கையொப்பத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. சாவி டோக்கனைவிட்டு வெளியே வருவதே இல்லை. கணக்கிட்ட கையொப்பமும் சான்றிதழும் ஒதுக்கிய வெற்றிடத்தில் போய் அமர்கின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோப்பின் நகல் ஒன்றை நோட்பேட்++ போன்ற எழுத்துத்தொகுப்பியில் திறந்து, 'பைட்ரேஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல்லை இடைவெளி இல்லாமல் தேடுங்கள். அடைப்புக்குறிக்குள் நான்கு எண்கள் கிடைக்கும். உதாரணத்துக்கு 0, 48210, 67156, 5322 என்று வைத்துக்கொள்வோம். 0ஆவது பைட்டிலிருந்து 48,210 பைட், பிறகு 67,156ஆவது இடத்திலிருந்து 5,322 பைட் ஆகியவை கையொப்பத்துக்குள் அடங்கியவை என்று பொருள். இடையில் விட்ட 18,946 பைட்தான் கையொப்பம் உட்கார்ந்திருக்கும் வெற்றிடம். கடைசி இரண்டு எண்ணையும் கூட்டினால் 72,478. கோப்பின் மொத்த அளவும் 72,478 பைட்டாக இருந்தால் கையொப்பத்துக்குப் பிறகு எதுவும் சேரவில்லை. அளவு அதைவிடக் கூடுதலாக இருந்தால் பின்னால் ஏதோ சேர்ந்திருக்கிறது: இன்னொரு கையொப்பமாக இருக்கலாம், குறிப்பாக இருக்கலாம், திருத்தமாகவும் இருக்கலாம். 4,05,000-இல் ஒரு 0-வும் 5-உம் இடம் மாறினால்கூடச் சாரம் முற்றிலும் வேறாகிவிடும்; கையொப்பம் செல்லாது என்று சிவப்புக் குறி விழும்.

ஆகவே உங்களுக்கு நேர்மையான வழி இரண்டுதான். ஒன்று, திருத்திய புதிய கோப்பை உருவாக்கி இரு தரப்பும் முதலிலிருந்து கையொப்பமிடுவது. இரண்டாம் தரப்பு இன்னும் கையொப்பமிடவில்லை என்பதால் உங்களுக்கு இதுதான் சுலபம். பழைய கோப்பு கைவிடப்பட்டது என்று இரு தரப்பும் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணைச் சேருங்கள். மற்றது, இருவரும் கையொப்பமிட்டு முடித்திருந்தால் பயன்படுவது: '3ஆம் பக்கம் 2ஆம் பத்தியில் உள்ள முன்பணத் தொகையை 4,50,000 எனப் படிக்கவும்' என்று ஒரு பக்கத் திருத்த ஒப்பந்தம் எழுதி, அதில் இருவரும் கையொப்பமிடுவது. மூலக் கோப்பைத் தொடவே கூடாது. எந்த வழியானாலும் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். 'நான்கு இலட்சத்து ஐம்பதாயிரம்' என்று பக்கத்திலேயே இருந்திருந்தால் இந்தப் பிழை கையொப்பத்துக்கு முன்பே பிடிபட்டிருக்கும்.

கையெழுத்துப் படம் பற்றி. அடோபி ரீடரில் 'ஃபில் அண்ட் சைன்' என்று ஒன்றும், 'யூஸ் எ சர்டிஃபிகேட்' என்று ஒன்றும் இருக்கிறது. முதலாவது படம் ஒட்டுவது. இரண்டாவதுதான் டிஎஸ்சி கையொப்பம். பெயர் ஒத்திருப்பதால் பலர் முதலாவதைப் போட்டுவிட்டு டிஜிட்டல் கையொப்பம் ஆயிற்று என்று நம்பிவிடுகிறார்கள். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 5ஆம் பிரிவு கையால் இட்ட கையொப்பத்துக்குச் சமமாக ஏற்பது, உரிமம் பெற்ற சான்றளிப்பு நிறுவனம் வழங்கும் டிஎஸ்சியையும் ஆதார் ஓடிபி போன்ற வழியில் இடும் இ-சைனையும்தான். படம் ஒட்டினால் ஒப்பந்தமே பிறக்கவில்லை என்று ஆகிவிடாது; அதே சட்டத்தின் 10ஏ பிரிவு மின்னணு வழி ஒப்பந்தங்களை ஏற்கிறது. ஆனால் அந்தப் படத்தை ஒட்டியவர் அவர்தான் என்பதை மின்னஞ்சல், சாட்சி என்று வேறு வழிகளில் நிரூபிக்க வேண்டும். டிஎஸ்சி இல்லாத தரப்புக்கு ஆதார் இ-சைன் போதும்: ஆதாரோடு இணைந்த கைபேசி எண் ஒன்றிருந்தால் ஐந்து நிமிட வேலை.

உயில், அறக்கட்டளைப் பத்திரம் ஆகியவற்றுக்கு இது எதுவும் உதவாது. அவை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் விலக்கப்பட்டவை. காகிதத்தில் மையால்தான் கையொப்பம்.

---

ஊசிநூல் பதில்:

மஞ்சள் கேள்விக்குறிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டு கணினியும் சொல்வது சரிதான். ரீடர் இரண்டு சோதனை செய்கிறது. கையொப்பத்துக்குப் பின் கோப்பு மாறியிருக்கிறதா என்பது முதல் சோதனை. கையொப்பமிட்டவரின் சான்றிதழை வழங்கியது யார், அவரை நம்பலாமா என்பது இரண்டாவது. மஞ்சள் குறி வந்தால் இரண்டாவதற்கு விடை கிடைக்கவில்லை என்று பொருள். சிவப்புப் பெருக்கல் குறி வந்தால்தான் கோப்பிலோ சான்றிதழிலோ கோளாறு. இ-ஆதாரைத் தரவிறக்கித் திறக்கும்போது பலருக்கும் வருவது இதே மஞ்சள் குறிதான்.

இந்திய டிஎஸ்சி எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பது சிசிஏ என்ற அரசு அமைப்பின் வேர்ச்சான்றிதழ். 'சிசிஏ இந்தியா' என்ற பெயரோடு ஓர் ஆண்டும் சேர்ந்திருக்கும். 2014, 2022 என்று ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. அந்த வேர் உங்கள் ரீடரின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லையென்றால் கேள்விக்குறி விழும். சேர்க்கும் முறை:

கையொப்பத்தின் மேல் வலச் சொடுக்கு, 'ஷோ சிக்னேச்சர் ப்ராப்பர்ட்டீஸ்', அதில் 'ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட்'. இடப்பக்கம் மூன்று நான்கு பெயர்கள் படிப்படியாகத் தெரியும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: பெரும்பாலும் கையொப்பமிட்டவரின் பெயர்தான் தேர்வாகி இருக்கும். அதை அப்படியே நம்பிக்கையில் சேர்த்தால் அவர் ஒருவருக்கு மட்டும் பச்சை வரும். அடுத்தவர் கோப்பு வந்தால் மறுபடி மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் சிசிஏ பெயரைச் சொடுக்குங்கள். பிறகு 'ட்ரஸ்ட்' தாவல், 'ஆட் டு ட்ரஸ்டட் சர்டிஃபிகேட்ஸ்', வரும் பெட்டியில் 'ட்ரஸ்டட் ரூட்' என்ற கட்டத்தில் டிக், ஓகே. முந்தைய சாளரத்துக்கு வந்து 'வேலிடேட் சிக்னேச்சர்'.

சேர்க்கும் முன் 'டீடெயில்ஸ்' தாவலில் இருக்கும் கைரேகை எண்ணை (சான்றிதழை அடையாளம் காட்டும் சாரம்), சிசிஏ இணையதளத்தில் வெளியிட்டிருக்கும் அதே வேர்ச்சான்றிதழின் கைரேகை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிசிஏ என்று பெயர் வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு சான்றிதழைத் தானே உருவாக்கிவிடலாம். பெயரைப் பார்த்து நம்பிக்கையில் சேர்த்தால் பச்சை டிக்குக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும்.

இது ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டியது. அனுப்புகிறவர் தன் கணினியில் செய்தால் பெறுகிறவருக்குப் பச்சை வராது.

---

எழுத்தாணி பதில்:

தமிழ் எழுத்துள்ள பிடிஎஃபைத் திருத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. அதுதான் இங்கே பெரிய சிக்கல்.

பிடிஎஃபில் எழுத்துகள் நாம் தட்டச்சு செய்த வரிசையில் இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வரைந்து வைக்கப்பட்டிருக்கும். 'கொ' என்று நாம் அடித்தது கோப்புக்குள் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்களாகக் கிடக்கும். லிப்ரே ஆபீஸ் டிராவில் திறந்தால் கொம்பு தனியே முன்னால் நிற்கும், சில இடங்களில் கொம்பின் பக்கத்தில் புள்ளிவட்டம் தோன்றும். ஒவ்வொரு வரியும் தனித்தனிப் பெட்டியாகப் பிரிந்துவிடும். ஒரு சொல்லைக் கூட்டினால் அடுத்த வரிக்கு நகராது, ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். இன்னொன்று: கோப்பில் எழுத்துரு முழுதாக இருக்காது, பயன்பட்ட வடிவங்கள் மட்டும் பொதிந்திருக்கும். ஆவணத்தில் எங்கும் 'ஞூ' வரவில்லை என்றால் அந்த எழுத்தைப் புதிதாக அடிக்கும்போது கட்டம் விழும், அல்லது வேறு எழுத்துரு வந்து உட்காரும். எண்களுக்கும் இதே கதைதான். 4, 5, 0 மூன்றும் அந்த எழுத்துருவில் ஏற்கெனவே வந்திருந்தால் தப்பித்தீர்கள்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஒப்பந்தமாக இருந்தால், நகலெடுத்து ஒட்டும்போது தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வரும். அது கெட்டுப்போன கோப்பு அல்ல. அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குரிய எழுத்துமாற்றியில் போட்டு யூனிகோடாக்கினால் சரியாகிவிடும்.

என் ஆலோசனை: 14 பக்கத்தையும் வேர்டாக மாற்ற முயலாதீர்கள். மாற்றித் தரும் மென்பொருள் தமிழில் எங்கே ஒரு காலையோ கொம்பையோ விழுங்கியது என்று 14 பக்கமும் எழுத்தெண்ணிப் பார்க்க வேண்டிவரும். 3ஆம் பக்கத்தை மட்டும் வேர்டிலோ லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலோ யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். தாள் அளவு ஏ4, நான்கு ஓரமும் பழைய பக்கத்தின் அளவே. பக்கம் தொடங்கும் சொல்லும் முடியும் சொல்லும் பழைய பக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் 4ஆம் பக்கத் தொடக்கத்தில் ஒரு வரி தொலையும் அல்லது இரண்டு முறை வரும். அதை பிடிஎஃபாக ஏற்றுமதி செய்து, பிடிஎஃப் அரேஞ்சர் அல்லது பிடிஎஃப்சாம் கொண்டு, கையொப்பமிடுவதற்கு முன்பிருந்த கோப்பில் பழைய 3ஆம் பக்கத்தை நீக்கிப் புதியதைச் செருகுங்கள்.

கையொப்பத்துக்கு முந்தைய கோப்பு தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். சிக்னேச்சர் பலகத்தில் கையொப்பத்தை வலச் சொடுக்கி 'வியூ சைன்டு வெர்ஷன்' கொடுத்தால் கையொப்பமிட்ட நிலையிலான பதிப்பு தனியாகத் திறக்கும். ஆனால் அதிலும் கையொப்பம் இருக்கும். கையொப்பமிட்டவர் தன் டோக்கனைச் செருகிக்கொண்டு 'கிளியர் சிக்னேச்சர்' கொடுத்தால் நீங்கும். அவரால் மட்டுமே அது முடியும்.

---

தறிநூல்:

மிக்க நன்றி. புதிய கோப்பில் இருவரும் மறுபடி கையொப்பமிடுவது என்று முடிவு. இன்னும் இரண்டு சந்தேகம். முதல் தரப்பு போட்டதும் இரண்டாம் தரப்புக்குக் கையொப்பமிட இடமே கிடைக்காமல் போகுமா? மேலும், இணைப்பாக இ-ஆதார் நகல் சேர்க்க வேண்டும். அதன் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு, எண்ணில் முதல் 8 இலக்கத்தைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்து இணைக்கலாமா? பதிவேற்றும் இடத்தில் 2 எம்பிதான் வரம்பு.

---

முத்திரை பதில்:

இடம் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு டிக். டிஎஸ்சியால் கையொப்பமிடும்போது வரும் கடைசிப் பெட்டியில் 'லாக் டாக்யுமென்ட் ஆஃப்டர் சைனிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். முதலில் போடுகிறவர் அதை டிக் செய்தால் அடுத்தவர் எதுவும் செய்ய முடியாது. அந்த டிக் கடைசியில் கையொப்பமிடுபவருக்கு மட்டும் உரியது. 'சர்டிஃபை' என்ற வேறு பொத்தானை அழுத்தியிருந்தாலும் இதே நிலை வரலாம். அதில் எந்த மாற்றமும் கூடாது, படிவம் நிரப்பலும் கையொப்பமும் மட்டும், அவற்றோடு குறிப்புகளும் என்று மூன்று நிலை உண்டு. இருவர் கையொப்பமிட வேண்டிய கோப்பில் முதல் நிலையைத் தொடாதீர்கள்.

வரிசை முக்கியம். பக்க எண், தலைப்பு, இணைப்புகள் சேர்த்தல், அளவைக் குறைத்தல், கடவுச்சொல் போடுதல் என எல்லாம் முதலில். கையொப்பம் கடைசியில். முதல் தரப்பு கையொப்பமிட்டுச் சேமித்த அதே கோப்பைத்தான் இரண்டாம் தரப்பு திறந்து கையொப்பமிட வேண்டும். இருவரும் தனித்தனி நகலில் போட்டுவிட்டுப் பிறகு இணைத்தால் இரண்டு கையொப்பமும் போய்விடும். ஒவ்வொரு கையொப்பமும் கோப்பின் முடிவில் புதிய பகுதியாகச் சேர்வதால் முந்தையது கெடுவதில்லை.

2 எம்பிக்குள் அடக்க, ஸ்கேன் செய்யும் இணைப்புகளை 200 டிபிஐ, சாம்பல் நிறத்தில் எடுங்கள். எழுத்து தெளிவாகவே இருக்கும். கையொப்பமிட்ட பிறகு 'கம்ப்ரஸ்' செய்யும் இணையதளங்களில் போடாதீர்கள்: கோப்பு முழுக்கத் திருப்பி எழுதப்படுவதால் கையொப்பம் செல்லாமல் போகும், ஒப்பந்தமும் யாரோ ஒருவருடைய வழங்கியில் போய்க் கிடக்கும்.

---

ஊசிநூல் பதில்:

இ-ஆதாரில் நீங்கள் சொன்ன இரண்டு வேலையும் கையொப்பத்தைக் கெடுக்கும். கடவுச்சொல்லை நீக்கினால் கோப்பு மறுபடி எழுதப்படும். அதில் இருக்கும் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் போய்விடும். கறுப்புப் பட்டை அதைவிட ஆபத்து. பட்டை மேலே வரைந்த ஒரு படம், எண் அடியில் அப்படியே இருக்கும். கட்டுப்பாட்டு விசையும் 'ஏ'-யும் அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், 12 இலக்கமும் வந்து நிற்கும்.

இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. ஆதார் தளத்தில் தரவிறக்கும்போதே 'மாஸ்க்டு ஆதார்' என்ற கட்டத்தில் டிக் செய்தால் முதல் 8 இலக்கம் மறைந்து, கடைசி 4 மட்டும் தெரியும் கோப்பு கிடைக்கும். கடவுச்சொல் வழக்கம்போல் பெயரின் முதல் 4 ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும். அதை ஒப்பந்தக் கோப்புக்குள் இணைக்காமல் தனிக் கோப்பாக அனுப்பினால் ஆணையத்தின் கையொப்பமும் பிழைக்கும். வேறு ஆவணத்தில் எதையாவது மறைக்க வேண்டியிருந்தால் லிப்ரே ஆபீஸில் 'ரிடாக்ட்' பயன்படுத்துங்கள். அது பக்கத்தைப் படமாக்கிவிடுவதால் அடியில் எழுத்து மிஞ்சாது.

டோக்கன் ரீடரில் தென்படவில்லை என்றால்: முதலில் டோக்கனோடு வந்த மென்பொருளைத் திறந்து சான்றிதழ் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேயே இல்லையென்றால் டிரைவர் கோளாறு. அங்கே தெரிந்து ரீடரில் மட்டும் இல்லையென்றால் விண்டோஸின் சான்றிதழ் பட்டியலுக்குப் போய் 'பர்சனல்' பகுதியில் பாருங்கள். சிலர் டோக்கனில் கையொப்பத்துக்கு ஒன்று, மறையாக்கத்துக்கு ஒன்று என இரண்டு சான்றிதழ் வைத்திருப்பார்கள். ஒரே பெயரில் இருக்கும். 'கீ யூசேஜ்' வரியில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்' என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டோக்கனின் ரகசிய 'பின்' எண்ணைத் தொடர்ந்து தவறாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள். சாவிக்கு வேறெங்கும் நகல் கிடையாது, டோக்கனை அழித்தால் புதிய டிஎஸ்சிதான் வாங்க வேண்டும்.

லினக்ஸில் ஒக்குலர், லிப்ரே ஆபீஸ் இரண்டிலும் பிடிஎஃபில் கையொப்பமிடலாம். டோக்கனின் பிகேசிஎஸ்-11 நூலகக் கோப்பை (மென்பொருள் டோக்கனோடு பேச உதவுவது) ஃபயர்ஃபாக்ஸின் 'செக்யூரிட்டி டிவைசஸ்' பகுதியில் சேர்த்தால் இரண்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

---

எழுத்தாணி பதில்:

நேரமுத்திரையை, அதாவது கையொப்பமிட்ட நேரத்துக்கு வெளி வழங்கி ஒன்று தரும் சான்றை, மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கையொப்பத்தில் பதிவாகும் நேரம் கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் சொல்வதுதான். கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்தும் போடலாம். ஆதார் இ-சைனுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தச் சான்றிதழின் ஆயுள் 30 நிமிடம்தான். அதன் பிறகு பார்க்கிறவருக்கு, ஆயுள் முடிவதற்கு முன்பே கையொப்பமிட்டார் என்பதைச் சொல்லும் சாட்சி அந்த நேரமுத்திரை.

அடோபி ரீடரில் 'ப்ரிஃபரன்சஸ்', 'சிக்னேச்சர்ஸ்', 'டாக்யுமென்ட் டைம்ஸ்டாம்பிங்' போய், உங்கள் சான்றளிப்பு நிறுவனம் தரும் நேரமுத்திரை முகவரியைச் சேர்த்து அதையே இயல்பாக்குங்கள். அதே இடத்தில் 'கிரியேஷன் அண்ட் அப்பியரன்ஸ்' பகுதியில் சான்றிதழ் ரத்து நிலையையும் சேர்த்துப் பதியும் கட்டத்தை டிக் செய்யுங்கள். கையொப்பமிடும்போது இணையம் இருக்க வேண்டும். போட்டு முடித்ததும் சிக்னேச்சர் பலகத்தில் 'எல்டிவி எனேபிள்டு' (நீண்டகாலச் சரிபார்ப்புக்கு ஏற்றது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டிஎஸ்சியின் இரண்டு மூன்று ஆண்டு ஆயுள் முடிந்த பிறகும் கோப்பைச் சரிபார்க்கத் தேவையானவை கோப்புக்குள்ளேயே இருக்கும். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு என்றால், இந்த வரி வராத கோப்பை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே திருப்பி அனுப்பி மறுபடி கையொப்பமிடச் சொல்லுங்கள்.